விண்வெளி ஷூட்டர் கேம் செய்யணுமா? ஒரு காலி அறையிலிருந்து தொடங்குங்கள்

ஆளில்லாத விண்வெளி நிலையம், வேற்றுக்கிரக ஜந்துக்கள், முப்பது பக்கக் கதை என்று எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டுதான் நானும் தொடங்கினேன். மூன்று மாதம் கழித்து மிஞ்சியது ஒரு அழகான ஏலியன் தலையும், சுடவே பிடிக்காத ஒரு துப்பாக்கியும்தான். அதனால் கதையை ஓரமாக வையுங்கள்.

கேம் எஞ்சின் (கேமை உருவாக்க உதவும் மென்பொருள்) எதுவானாலும் சரி. கோடோ முழுக்க இலவசம், கேமை விற்றாலும் பங்கு கேட்காது. அன்ரியலில் ஃபர்ஸ்ட் பர்சன் (ஆடுபவரின் கண் வழியே பார்க்கும்) டெம்ப்ளேட் கூடவே வருகிறது. இதற்கே ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

டெக்ஸ்சர் (பரப்பின் மேல் ஒட்டும் படம்) எதுவும் இல்லாமல் நாலு சுவர், ஒரு தரை, சுட ஒரு பெட்டி. அப்புறம் கேமராவை மவுஸோடு இணையுங்கள். நடப்பதற்கு வேகத்தை டெல்டா டைமால் (போன ஃப்ரேமிலிருந்து கடந்த நேரத்தால்) பெருக்கியிருப்பீர்கள், அதே கையோடு மவுஸ் அசைவையும் பெருக்கிவிடாதீர்கள். போன ஃப்ரேமுக்குப் பிறகு எவ்வளவு நகர்ந்தது என்பதைத்தான் மவுஸே தருகிறது, மறுபடி பெருக்கினால் ஃப்ரேம் ரேட் ஏறி இறங்கும்போதெல்லாம் திரும்பும் வேகமும் மாறிக்கொண்டே இருக்கும்.

லேசர் துப்பாக்கி சுலபம். கேமராவின் நடுவிலிருந்து ஒரு ரேகாஸ்ட் (கண்ணுக்குத் தெரியாத நேர்க்கோடு) விட்டு எதில் படுகிறது என்று பாருங்கள், ஒளிக்கோட்டை மட்டும் குழல் முனையிலிருந்து வரைந்தால் போதும். பிளாஸ்மா உருண்டைதான் படுத்தும். வினாடிக்கு 120 மீட்டர் வேகம், எஞ்சினின் பிசிக்ஸ் கணக்கு வினாடிக்கு 60 முறை ஓடுகிறது என்றால் உருண்டை ஒவ்வொரு முறையும் 2 மீட்டர் தாவுகிறது, நடுவில் 20 சென்டிமீட்டர் சுவர் இருந்தால் பெரும்பாலும் அதைத் தொடாமலே அந்தப் பக்கம் போய்விடும். (எதிரி சுவருக்குப் பின்னாலேயே செத்துக் கிடப்பதைப் பார்த்து இரண்டு நாள் முழித்தேன்.) முந்தைய இடத்திலிருந்து புதிய இடம் வரை ஒவ்வொரு முறையும் ஒரு ரேகாஸ்ட் விடுங்கள், தீர்ந்தது.

எதிரிகளுக்கு 1993-இல் வந்த டூம் கேமைப் பாருங்கள். துப்பாக்கி வைத்திருப்பவன் சுட்டால் குண்டு அந்த நொடியே வந்து சேரும், ஆனால் இம்ப் என்ற அரக்கன் எறியும் நெருப்பு உருண்டை மெதுவாகப் பறந்து வருவதால் விலகிக்கொள்ளலாம். இரண்டும் ஒரே அறையில் இருந்தால் யாரை முதலில் சுடுவது என்று ஆடுபவர் யோசித்தே ஆக வேண்டும். அறிவியல் புனைவில் மெதுவாக வரும் ஒளி உருண்டையை யாரும் ஏனென்று கேட்கப்போவதில்லை, தாராளமாகப் பயன்படுத்துங்கள். தனி ஆளாகச் செய்கிறீர்கள் என்றால் எதிரி ரோபோவாகவே இருக்கட்டும், முகபாவனை அனிமேஷன் வேலை மிச்சம்.

அந்த வெற்று அறையிலேயே பத்து நிமிடம் அலுக்காமல் சுட முடிகிறதா? அதற்கப்புறம் நிலையத்தைக் கட்டுங்கள். 4 மீட்டர் அளவில் நேர்த்துண்டு, வளைவு, கதவு என்று ஏழெட்டுத் துண்டுகளை பிளெண்டர் என்ற 3D மென்பொருளில் செய்து மாற்றி மாற்றி அடுக்கினால் போதும், விண்வெளி நிலையத்தில் எல்லா நடைபாதையும் ஒரே மாதிரி இருந்தால் யாருக்கும் உறுத்தாது.