படிவம் ஒரு வீட்டில், பேச்சு இன்னொரு வீட்டில்: கலப்பு முறை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் திருமங்கலத்தில் ஒரு தேநீர்க் கடையில் இரண்டு ஆய்வு மாணவர்கள் தங்கள் ஃபைலைத் திறந்து காட்டினார்கள். நானூறு வினாப்படிவங்கள், இருபது நேர்காணல்கள். ‘கலப்பு முறை ஆய்வு’ என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. படிவத்தின் எண்களையும் நேர்காணலின் பேச்சையும் ஒரே ஆய்வில் இணைத்துப் பார்ப்பதற்கு அந்தப் பெயர். “இந்த இருபது பேரும் அந்த நானூறு பேருக்குள் இருக்கிறார்களா?” என்று கேட்டேன். ஒருவர் மற்றவரின் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தேநீர் இறங்கவில்லை. இதே முழியை நானும் ஒரு காலத்தில் முழித்திருக்கிறேன்.

கேள்வியில் எழுத்துப்பிழை, ஒலிப்பதிவுக் கருவியில் சார்ஜ் இல்லை என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு நாள் களத்தில் வெயில் பட்டால் அவை தானாகச் சரியாகிவிடும்.

நேர்காணலில் வரிசை எண் இல்லாமல் போவது

சில ஆண்டுகளுக்கு முன்பு, உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை விளையும் சில ஊர்களில் பெண்களின் கூலி உழைப்பைப் பற்றி ஆய்வு செய்தோம். மார்கழியில் படிவம் நிரப்பினோம். “கடந்த ஏழு நாட்களில் கூலி வேலைக்குப் போனீர்களா?” என்ற கேள்விக்குப் பெரும்பாலான பெண்கள், “இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன்” என்றார்கள். சித்திரையில் நேர்காணலுக்குப் போனோம். அதே ஊர்ப் பெண்கள், விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பூ எடுக்கப் போவதையும், மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டிய அவசரத்தையும், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவதையும், மூட்டை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் கிளம்புவதையும் மணிக்கணக்கில் சொன்னார்கள்.

அட்டவணை ஒன்று சொல்கிறது, ஒலிப்பதிவு வேறொன்று சொல்கிறது. இந்த முரண்பாட்டுக்காகத்தானே இரண்டு முறைகளையும் சேர்க்கிறோம்! முதலில் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. காரணத்தைத் தேட உட்கார்ந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

ஒருவேளை சொல் காரணமாக இருக்கலாம். அங்கே ‘வேலை’ என்றால் நூறு நாள் வேலை, இல்லாவிட்டால் மில் வேலை. “வேலைக்கெல்லாம் போகவில்லை, பூ எடுக்கத்தான் போகிறேன்” என்று ஓர் அம்மாள் என்னையே திருத்தினார். ஒருவேளை பருவம் காரணமாக இருக்கலாம். மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து சுருங்கிவிடும். விலை ஏறும், ஆனால் செடியில் பறிக்கப் பூ இருக்காது. அப்படியென்றால் அவர்கள் சொன்ன ‘இல்லை’ உண்மைதான். அல்லது ஆட்களே வேறாக இருக்கலாம். நேர்காணலுக்குப் பெண்களைத் திரட்டித் தந்தவர் சுயஉதவிக் குழுவின் ஊக்குநர். அவர் பூ எடுப்பவர்களாகப் பார்த்து அழைத்து வந்திருந்தால்?

ஒரே பெண்ணின் மார்கழிப் படிவத்தையும் சித்திரைப் பேச்சையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அரை நாளில் பாதிச் சிக்கல் அவிழ்ந்திருக்கும். வைக்க முடியவில்லை. தகவல் தருபவரின் அடையாளத்தைக் காக்க வேண்டும் என்று எங்களுக்கு அறிவுறுத்தியிருந்தார்கள். நான் அதற்கும் ஒரு படி மேலே போய், பெயர், வீட்டு எண், வரிசை எண் எல்லாம் இருந்த முதல் தாளை ஒவ்வொரு படிவத்திலிருந்தும் கிழித்து எரித்துவிட்டேன். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெயரை மறைக்கச் சொன்னால், படிவத்தையும் பேச்சையும் இணைக்கும் நூலையே அறுத்திருக்கிறேன். அடுத்த மார்கழியில் முழுக் கணக்கெடுப்பையும் மறுபடி செய்தோம். பணம் தீர்ந்துவிட்டதால் பையன்களின் தினப்படியும் பஸ் கட்டணமும் என் பையிலிருந்து போயின. இன்றும் எரிச்சல் அடங்கவில்லை.

செய்திருக்க வேண்டியது சின்ன வேலை. படிவத்துக்கும் நேர்காணலுக்கும் ஒரே எண். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் தனி நோட்டில், ஒருவர் பொறுப்பில், பூட்டிய அலமாரியில். படிவத்தின் கடைசிக் கேள்வியாக “விரிவாகப் பேச மறுபடி வரலாமா?” என்று கேட்டு அங்கேயே அனுமதி வாங்கிக்கொள்வது. பிறகு நேர்காணலுக்கான ஆட்களை அந்தப் படிவங்களிலிருந்தே பொறுக்குவது: ‘இல்லை’ என்றவர்களில் சிலர், ‘ஆம்’ என்றவர்களில் சிலர், எதிலும் சேராமல் தனித்து நிற்கும் ஒருவர் இருவர்.

ஒரே விஷயத்தை வெவ்வேறு முறைகளில் பார்த்துச் சரிபார்ப்பதற்கு இந்தத் துறையில் ‘முக்கோணமாக்கல்’ என்று ஒரு சொல்லைத் தாராளமாகப் புழங்குகிறோம். அது நில அளவையிலிருந்து வந்தது. 1802-ல் நில அளவையாளர் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே சங்கிலி போட்டு, மற்ற தூரங்களுக்கெல்லாம் அடிப்படையான நேர்கோட்டை, அதாவது அடிக்கோட்டைத்தான் முதலில் அளந்தார். அந்த நீளம் தெரியாமல் கோணங்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்தத் தூரத்தையும் கணக்கிட முடியாது. எங்களிடம் கோணங்கள் இருந்தன. அடிக்கோட்டை நான் எரித்திருந்தேன்.

எது முதலில் என்று யோசிக்காதது

ஊரின் சொற்கள் தெரியாதபோது பேச்சு முதலில், படிவம் பிறகு. எண்கள் கையில் இருந்து காரணம் பிடிபடாதபோது மாற்றிச் செய்ய வேண்டும். நாங்கள் முதலில் பேசியிருந்தால், ‘கூலி வேலை’ என்று மொட்டையாகக் கேட்காமல் பூ எடுக்க, களை எடுக்க, நாற்று நட என்று அடுக்கிக் கேட்டிருப்போம். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பிலும் இதே ஆபத்து உண்டு. வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு அதில் 92 என்பது குறியீடு. “வீட்டில்தான் இருக்கிறேன்” என்ற ஒரு வாக்கியத்தை நம்பினால் பேனா நேராக அங்கேதான் போகும். ஆனால் அதே கணக்கெடுப்பின் வார வரையறைப்படி, ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர்.

பதினைந்து பேரில் 60 விழுக்காடு

ஒன்பது பேர் என்று எழுதுங்கள்.

மேற்கோளை ஊறுகாயாக்குவது

ஒவ்வோர் அட்டவணைக்கும் கீழே அதையே ஆமோதிக்கும் ஒரு மேற்கோள். அட்டவணையை மறுத்துப் பேசியவர் எங்கே போனார்?

படிவம் நிரப்பியவரையே நேர்காணலுக்கு அனுப்புவது

பயிற்சி கொடுக்காமல் அனுப்பினால் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு வந்து நிற்பார்.

பேச்சைத் திருத்தித் தட்டச்சு செய்வது

ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்யக் கொடுத்தவர் நல்ல தமிழ் படித்தவர். தாளை வாங்கிப் பார்த்தேன். “பூ எடுக்கத்தான் போகிறேன்” என்று அந்த அம்மாள் சொன்னது, “மலர் பறிக்கும் பணியில் ஈடுபட்டு வருகிறேன்” என்று வந்திருந்தது.