சீஃபோர்டிலிருந்து ஈஸ்ட்போர்ன் நடக்கப் போகிறீர்களா?

இங்கிலாந்தின் தென்கரையில், ஏப்ரல் மே மாதங்களில் ஒரு நாள் முழுக்க நடக்க ஆசை என்றால் எனக்குப் பிடித்தது சீஃபோர்டில் ரயிலை விட்டு இறங்கி, செவன் சிஸ்டர்ஸ் சுண்ணாம்புப் பாறை முகடுகள் வழியாக ஈஸ்ட்போர்ன் வரை போகும் சுமார் 22 கிலோமீட்டர். இரண்டு ஊரிலும் ரயில் உண்டு, கார் வேண்டாம். மேற்கிலிருந்து கிழக்காகவே நடங்கள், அங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்றுதான், முதுகில் தள்ளிக்கொண்டே வரும்; எதிர்த்திசையில் போனால் அதே காற்று முகத்தில் அறையும்.

நேரக் கணக்குக்கு 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன பழைய விதியே போதும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, மொத்தமாக ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. அதில் சாப்பாடும் சேராது, படம் எடுக்க நிற்பதும் சேராது (நிற்பீர்கள்), அதனால் எட்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மழை பெய்திருந்தால் சுண்ணாம்புத் தரை சோப்பு மாதிரி வழுக்கும், ஆகவே நல்ல பிடிமானம் உள்ள பூட்ஸ் கட்டாயம். வழியில் வரும் கக்மியர் ஆற்றை முகத்துவாரத்தில் கடக்க நினைக்காதீர்கள், உள்ளே எக்சீட் பாலம் வரை போய், அதில் கடந்துதான் மறுகரை வழியாகக் கடற்கரைக்குத் திரும்ப வேண்டும். வழியில் பர்லிங் கேப் என்ற இடத்தில் கழிப்பறையும் டீக்கடையும் உண்டு. அப்புறம், பாறை விளிம்பு அடியில் அரித்திருக்கும், சொல்லாமல் கொள்ளாமல் சரியும். பல மீட்டர் தள்ளியே நடங்கள், செல்ஃபிக்கும்தான்.