கல்யாண நாளுக்கு அம்மா அப்பாவை ஸ்டார் ஓட்டலுக்குக் கூட்டிப்போகும் முன்

முதல் தடவை நான் நன்றாகச் சொதப்பினேன். அப்பா அம்மாவுக்கு முப்பதாவது கல்யாண நாள், கையில் போனஸ் பணம், வடசென்னை பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து நாலு பேரும் கிளம்பி மவுண்ட் ரோடு பக்கம் ஒரு நட்சத்திர ஓட்டலுக்குப் போனோம். மெனு கார்டை அப்பா கையில் கொடுத்தார்கள். அவர் பார்த்தது இடது பக்கம் இருந்த பெயரை இல்லை, வலது பக்கம் இருந்த விலையை. மூடி வைத்துவிட்டு, "எனக்கு வயிறு சரியில்லப்பா, ஒரு சூப் மட்டும் சொல்லு" என்றார். மத்தியானம்தான் சங்கரா மீன் குழம்பு ஊற்றி இரண்டு தட்டு சோறு சாப்பிட்ட மனுஷன். அம்மா உடனே, "அதுலயே எனக்குப் பாதி போதும்." தங்கச்சியும் நானும் ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டோம். வீட்டுக்கு வந்து அம்மா மாவை எடுத்து நாலு தோசை ஊற்றினார்.

அதனால் இங்கே முள்கரண்டி எந்தக் கையில் என்பதைவிட அந்த சூப் கதை உங்கள் வீட்டிலும் நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்றுதான் எழுதப்போகிறேன். முள்கரண்டியை ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

தேதியிலிருந்து ஆரம்பியுங்கள். கல்யாண நாள் வெள்ளிக்கிழமையிலா, அமாவாசையிலா, கிருத்திகையிலா, புரட்டாசிக்குள்ளா என்று காலண்டரைப் பார்க்காமல் டேபிள் புக் செய்யாதீர்கள். உங்களுக்கு அது ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை, அம்மாவுக்கு அன்றைக்குக் கவுச்சி கிடையாது. ஒரு நாள் முன்னே பின்னே ஆனால் ஒன்றும் குறைந்துவிடாது, சனிக்கிழமை ராத்திரியைவிட வியாழக்கிழமை ராத்திரி எந்தப் பெரிய ஓட்டலிலும் கூட்டம் குறைவு, கவனிப்பும் கூடுதல். இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் போகாது என்று காசிமேட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மெனு கார்டு அந்த இரண்டு மாதத்துக்காக மாறாது. அப்போது வரும் பெரிய மீன் மேற்குக் கரையிலிருந்து வந்ததாகவோ ஐஸில் கிடந்ததாகவோ இருக்கலாம், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், இல்லையென்றால் அந்தக் காசைக் கறியில் போடுங்கள்.

எந்த ஓட்டல் என்பது அடுத்தது. பெரியவர்களைக் கூட்டிப்போகும்போது பேர் பெற்ற இடம் என்பதற்காக மட்டும் போகாதீர்கள், அவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று பாருங்கள். கிண்டி ஐடிசி கிராண்ட் சோழாவில் இருக்கும் அவர்த்தனா ஊரெல்லாம் பேசும் இடம். ஏழு வகையிலிருந்து பதிமூன்று வகை வரை ஒவ்வொன்றாக, சின்னச் சின்னதாக வரும், தக்காளி ரசத்தைத் தெளிவாக இறுத்துக் கண்ணாடிக் கோப்பையில் கொடுப்பார்கள். எனக்கு ரொம்பப் பிடிக்கும், அப்பாவை அங்கே உட்கார வைத்தால் நாலாவது தட்டில் "சாப்பாடு எப்போ வரும்?" என்று கேட்பார். அதே ஓட்டலில் பெஷாவரி இருக்கிறது, அங்கே கழுத்தில் ஒரு ஏப்ரன் கட்டிவிட்டுக் கையாலேயே சாப்பிடச் சொல்வார்கள். ஸ்பூனைப் பார்த்துக் கூச்சப்படுகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. நம்ம ஊர்ச் சாப்பாடுதான் வேண்டும் என்றால் நுங்கம்பாக்கம் தாஜ் கோரமண்டலில் சதர்ன் ஸ்பைஸ், பின்னி ரோடு கன்னிமாராவில் செட்டிநாட்டுச் சமையலுக்கு ரெயின்ட்ரீ. ரெயின்ட்ரீ என்றால் நம்ம தூங்குமூஞ்சி மரம்தான், அப்படிச் சொன்னதும் அம்மாவுக்கு அந்த ஓட்டல்மேல் இருந்த பயம் பாதி போய்விட்டது.

இனி முக்கியமான வேலை: போன். ஆப்பில் டேபிள் போட்டால் தள்ளுபடி கிடைக்கலாம், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள் (பெரும்பாலும் போவதற்கு முன்பே புக் செய்திருக்க வேண்டும், பில்லையும் அதே ஆப்பில்தான் கட்ட வேண்டும், சில நாட்களுக்குச் செல்லாது என்று பொடி எழுத்தில் இருக்கும்), ஆனாலும் ஓட்டலுக்கு ஒரு தடவை நேரடியாகப் போன் போட்டுப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம். ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னார்கள் என்பதற்காக நாமும் திணற வேண்டியதில்லை. நான் இப்போது சொல்வது இதுதான்: "நாலு பேர், அப்பா அம்மா கல்யாண நாள், அப்பாவுக்கு சுகர், அம்மாவுக்கு ஏசி நேராக மேலே அடிக்காத இடம் வேணும், படி ஏறாம வர்ற வழி இருக்கா?" கூடவே, கேக் வெளியிலிருந்து கொண்டுவரலாமா, அதற்குத் தனியாகக் காசு கேட்பார்களா என்றும் கேளுங்கள். விசேஷம் என்று முன்கூட்டியே சொன்னால் பல இடங்களில் அவர்களே தட்டில் சாக்லேட்டால் வாழ்த்து எழுதி ஒரு சின்ன கேக் வைப்பார்கள், நீங்கள் எங்கிருந்தோ வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மெட்ரோவில் போக வேண்டியதில்லை.

அப்புறம், இதைக் கட்டாயம் கேளுங்கள்: விலை போட்ட மெனு எனக்கு மட்டும் வரட்டும், மற்றவர்களுக்கு விலை இல்லாதது இருக்கிறதா? சில இடங்களில் இருக்கும். இல்லையென்றால், மெனு ஓட்டலின் இணையதளத்தில் கிடைக்கும், முந்தின நாளே வீட்டில் நீங்களும் தங்கச்சியும் உட்கார்ந்து இன்னின்ன என்று முடிவு பண்ணிவிட்டு, உட்கார்ந்ததும் மெனு கார்டே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் இரண்டாவது தடவை இதுதான் எடுபட்டது. கூடவே ஒரு பொய்யும் சொன்னேன், ஆபீஸில் கூப்பன் கொடுத்திருக்கிறார்கள், இந்த மாதத்துக்குள் சாப்பிடாவிட்டால் வீணாகிவிடும் என்று. வீணாகும் என்ற வார்த்தையைக் கேட்டால் அப்பா எதையும் சாப்பிடுவார்.

உடுப்பு பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். அரை டிராயர், ரப்பர் செருப்பு, கையில்லாத பனியன் மாதிரிச் சட்டை, இதையெல்லாம் தவிருங்கள். அம்மா கட்டும் பட்டுச் சேலைக்கு முன்னால் எந்த உடுப்பும் நிற்காது. அப்பா வேட்டி கட்டினால் உள்ளே விடுவார்களா என்று ஒரு மாமா கேட்டார். 2014இல் ஒரு கிளப்பில் வேட்டி கட்டிய உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை, அது பெரிய பிரச்சினையாகி, வேட்டிக்காக யாரையும் தடுக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் அதே வருஷம் சட்டமே வந்துவிட்டது. தைரியமாகக் கட்டிக்கொண்டு வரட்டும்.

போகிற வழி. நம்ம பக்கத்திலிருந்து கிளம்பும்போது கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கும் கன்டெய்னர் லாரிக்கும் அரை மணி நேரம் கூடுதலாக வைக்க வேண்டும், பட்டுச் சேலையில் ஆட்டோவில் நாலு பேர் நசுங்கிக்கொண்டு போவதும் விசேஷ நாளுக்கு அழகில்லை. விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோ ஒரே ரயிலில் நுங்கம்பாக்கத்துக்கு ஆயிரம் விளக்கு வரை, கிண்டி ஓட்டலுக்குச் சின்னமலை வரை கொண்டுபோய் விடும். இறங்கி அங்கிருந்து ஒரு ஆட்டோ. வாசலில் பையை ஸ்கேன் பண்ணுவார்கள், எல்லோருக்கும் அப்படித்தான், அப்பாவிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் நம்மை மட்டும் சோதிக்கிறார்கள் என்று முகம் சுண்டிவிடும். மெட்ரோ ராத்திரி 11 மணி வரைதான், அதனால் ஏழரை மணி டேபிள் போடுங்கள். அந்த நேரத்தில் கூட்டமும் இருக்காது.

உட்கார்ந்ததும் முதல் கேள்வி தண்ணீர். அழகான கண்ணாடிப் பாட்டிலைத் திறந்து ஊற்றிவிட்டுத்தான் சில இடங்களில் கேட்பார்கள். முதல் தடவை எங்கள் பில்லில் சூப்பைவிடத் தண்ணீர் அதிகம். "சாதா தண்ணி போதும்" என்று உட்கார்ந்தவுடன் சொல்லுங்கள், அதற்குக் காசு கிடையாது, யாரும் கேவலமாகப் பார்க்க மாட்டார்கள். சொல்லாமலே ஒரு சின்னத் தட்டில் வாய்க்கு ஒன்று என்று ஏதாவது வந்தால் அது அவர்கள் தருவது, பில்லில் வராது. நாப்கினை மடியில் போடுங்கள். கத்தியும் முள்கரண்டியும் நிறைய இருந்தால் வெளியிலிருந்து உள்ளே வரிசையாக எடுங்கள், முடித்ததும் இரண்டையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எடுத்துப்போய்விடுவார்கள். எலுமிச்சைத் துண்டு மிதக்கும் வெந்நீர் கைகழுவ. அவ்வளவுதான். கையால் சாப்பிட வேண்டியதைக் கையால் சாப்பிடுங்கள், இடியாப்பத்தை முள்கரண்டியால் குத்துவதைப் பார்த்தால் கேப்டனுக்கே பாவமாக இருக்கும்.

அந்த கேப்டனைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆர்டர் எடுப்பவர் அவர்தான், எந்தத் தட்டு எவ்வளவு பேருக்குப் போதும், எது காரம், அப்பா மாத்திரை போட்டாச்சு முதல் தட்டு பத்து நிமிடத்தில் வர வேண்டும் என்று எல்லாவற்றையும் அவரிடம் சொல்லலாம். அம்மா இதில் என்னைவிடக் கெட்டி. இரண்டாவது தடவை வஞ்சிரம் சொல்லும்போது, "இன்னிக்கு வந்ததாப்பா, நேத்திக்கு வந்ததா?" என்று கேட்டார். அந்தப் பையன் கொஞ்சம் தயங்கி, உள்ளே போய் வந்து, "அம்மா, இன்னிக்குக் கொடுவா நல்லா இருக்கு, அதைச் சொல்லட்டா?" என்றான். அதுவரை நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அம்மா அப்போதுதான் முதுகைச் சாய்த்தார். மெனுவில் விலைக்குப் பதில் 'அன்றைய விலை' என்று போட்டிருந்தால், சிங்கி இறால், நண்டு மாதிரியானவற்றுக்கு அப்படிப் போடுவார்கள், எவ்வளவு என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

பில் டேபிளுக்கே வரக் கூடாது. சாப்பாடு முடியும் நேரத்தில் கைகழுவப் போவது மாதிரி எழுந்து கேப்டனிடம் கார்டைக் கொடுத்துவிடுங்கள், ஆனால் கொடுப்பதற்கு முன் அங்கேயே நின்று படியுங்கள். ஒரு நாள் வாடகை 7500 ரூபாயைத் தாண்டும் அறைகள் வைத்திருக்கும் ஓட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரண்ட் என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம், தனியாக இருக்கும் ரெஸ்டாரண்ட் எவ்வளவு பகட்டாக இருந்தாலும் பொதுவாக 5 சதவீதம். மெனுவில் போட்டிருப்பது வரி இல்லாத விலை, பட்ஜெட் போடும்போது இதை மறந்தால் அடிபடுவீர்கள். அதோடு சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு தொகை இருக்கலாம். 8000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 18 சதவீத வரியோடு 9440. பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்த்து அதற்கும் வரி போட்டால் 10,384. அந்த 944 ரூபாயைக் கட்டியே ஆக வேண்டும் என்பது இல்லை. தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரி என்றது. "இதை எடுத்துட்டு பில் போடுங்க" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள், எடுத்துவிடுவார்கள். முரண்டு பிடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் நன்றாகக் கவனித்த பையனுக்குக் கையில் தனியாகக் கொடுங்கள், கொடுவா சொன்ன அந்தப் பையனுக்கு அம்மாவே தன் சுருக்குப் பையிலிருந்து எடுத்து நூறு ரூபாய் கொடுத்தார்.

மிச்சம் இருந்தால் பார்சல் கேளுங்கள். பஃபே என்றால் கட்டித்தர மாட்டார்கள், ஆர்டர் செய்து சாப்பிட்டது என்றால் தருவார்கள். சில இடங்களில் வெளியே கொண்டுபோன பிறகு உணவு கெட்டால் பொறுப்பில்லை என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள், பயந்துவிடாதீர்கள், போடுங்கள். எங்களுக்கு ஒரு கிண்ணம் பருப்பும் இரண்டு துண்டு கறியும் வந்தது. மறுநாள் காலையில் அம்மா அந்தப் பருப்பில் இரண்டு பச்சை மிளகாய் கீறிப் போட்டுத் தாளித்து இட்லிக்கு ஊற்றினார். அப்பா மூன்றாவது இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டார்: "இன்னும் எத்தனை கூப்பன் இருக்கு?"