குற்றாலம் போகிறேன் என்று குத்தாலத்துக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்

குற்றாலத்துக்கு ரயில் டிக்கெட் எடுப்பவர் முதலில் இரண்டு எழுத்தைக் கவனிக்க வேண்டும். குத்தாலம் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அது மயிலாடுதுறைப் பக்கம். அருவிக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லை. பாபநாசம் என்று தேடினால் வருவதும் தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம்தான். வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு நிலையங்களும் மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூர் போகிற ஒரே தடத்தில் இருக்கின்றன. ஒரு பயணத்திலேயே இரண்டு தவறையும் செய்துவிடலாம்!

நம் குற்றாலத்துக்கு ரயில் நிலையமே கிடையாது. தென்காசியில் இறங்கினால் ஐந்து கிலோமீட்டர்தான், ஆட்டோவோ டவுன் பஸ்ஸோ பிடிக்கலாம். பொதிகை மலையடிப் பாபநாசத்துக்கு அம்பாசமுத்திரத்தில் இறங்க வேண்டும். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் இரவோடு இரவாகத் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் கொண்டுவந்து விட்டுவிடும்.

சரி, ஊர் வந்து சேர்ந்தாயிற்று. இதற்கப்புறம் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசிக்கு ஒரே காரணம்தான். இந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் உண்டு. தண்ணீர் வர ஒரு மாதம், கோயில் நடை திறக்க ஒரு நேரம், காட்டுச் சாலைக்கு ஒரு நேரம். வருகிறவர்கள் கையில் இருப்பதோ 'ஒரு நாள், ஒன்பது இடம்' என்கிற பட்டியல்.

முதலில் அருவி. மே விடுமுறை கிடைத்தது என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, காய்ந்த பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் வருடம் தவறாமல் உண்டு. குற்றாலத்தின் சீசன் பொதுவாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அப்போது ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று உள்ளே நுழையும். ஊரில் வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் பொடிப்பொடியாக முகத்தில் படுமே, அதுதான் சாரல். குடை பிடித்தால் அவமானம், பிடிக்காவிட்டால் அரை மணி நேரத்தில் சட்டை ஈரம். ஐப்பசி, கார்த்திகையிலும் தண்ணீர் விழும். ஆனால் அது வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர். கொட்டினால் ஒரேயடியாகக் கொட்டும், குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். பேரருவியில் ஆர்ச் வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுகிறதா என்று பார்த்தாலே போதும், அன்றைக்குக் குளியல் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும்.

தடை போட்டால் போலீஸ்காரரிடம் போய், "இவ்வளவு தூரம் வந்துட்டோம் சார், ஒரு அஞ்சு நிமிஷம்" என்று கெஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன். அவர் எதற்குத் தடுக்கிறார் என்று தெரிந்தால் கெஞ்ச மாட்டீர்கள். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மலையில் மழை பெய்துகொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் கீழே வந்து சேரச் சில நிமிடங்கள் போதும். 2024 மே மாதம் பழைய குற்றாலம் அருவியில் இப்படித்தான் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் உயிரிழந்தான். குளித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீரின் நிறம் செம்மண்ணாக மாறினாலோ, இலையும் சுள்ளியும் அடித்துவந்தாலோ, அருவியின் சத்தம் கனத்தாலோ யார் சொல்வதற்கும் காத்திருக்காமல் வெளியே வந்துவிடுங்கள். துண்டும் செருப்பும் போனால் போகட்டும். எண்ணெய், சோப்பு, ஷாம்புக்கு அருவியில் தடை இருக்கிறது. அதை எல்லோரும் தெரிந்தே மீறுவதால் நான் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

சீசனில் கடைத்தெருவில் மங்குஸ்தான் குவிந்திருக்கும். அவசரத்தில் அள்ளிக்கொண்டு போய்ப் பாதியைத் தூக்கிப் போடுகிறவர்களுக்காக இது. மேல்தோல் கல் மாதிரி இறுகியிருந்தால் பழம் பழசு. விரலால் அழுத்தும்போது லேசாக அமுங்க வேண்டும். பழத்தின் அடியில் பூப்போல ஒரு முத்திரை இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. இதழ் அதிகமாக இருந்தால் சுளைகள் சின்னதாகவும், கொட்டை இல்லாததாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளைச் சட்டையோடு உரிக்காதீர்கள், அந்தக் கறை போகவே போகாது.

அருவிக்கு அடுத்து ஏமாற்றம் தருவது கோயில் வாசல். காலையில் நிதானமாகக் கிளம்பி, வழியில் இட்லி சாப்பிட்டு, பன்னிரண்டரை மணிக்குப் போய் நிற்பார்கள், நடை சாத்தியிருக்கும். திரும்பத் திறக்க நாலு மணியாவது ஆகும். என் உறவுக்காரக் குடும்பம் ஒன்று திருப்புடைமருதூர் வரை போய், பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்தது. இத்தனைக்கும் அந்த ஊரை அவர்களுக்குச் சிபாரிசு செய்தவன் நான். கடனாநதியும் தாமிரபரணியும் கூடுகிற இடம் அது. நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்ளே மரச் சிற்பமும் சுவரோவியமும் நிலை நிலையாக மேலே போகும். அதை எல்லா நேரமும் திறந்துவிட மாட்டார்கள், கேட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். கதவு பூட்டியிருந்தால் ஆற்றங்கரை மருத மரத்தடியில் உட்காருங்கள். பறவைகளுக்கென்று பாதுகாக்கப்பட்ட இடம், ஸ்பீக்கரில் பாட்டுப் போடாதீர்கள்.

தென்காசிக் கோயிலுக்கும் இதே நேரக் கணக்குதான். சுமார் 180 அடி கோபுரம். வாசலில் நுழையும்போது காற்று ஆளைத் தள்ளும், அதற்காகவே ஒரு தடவை போகலாம். கட்டியவன் 15ஆம் நூற்றாண்டுப் பராக்கிரம பாண்டியன். பின்னாளில் இந்தக் கோயிலுக்குக் குறை வந்தால் அதைச் சரிசெய்பவர்களின் காலில் நான் இப்போதே விழுகிறேன் என்று கல்வெட்டில் எழுதிவைத்தவன். அவன் பயந்ததுதான் நடந்தது. கோபுரம் இடிந்து நெடுங்காலம் மொட்டையாக நின்று, திரும்பக் கட்டி 1990இல்தான் குடமுழுக்கு நடந்தது. இதைத் தெரிந்துகொண்டு நிமிர்ந்து பார்த்தால் கோபுரம் வேறு மாதிரி தெரிகிறது.

இனி நான் கொஞ்சம் கோபத்தோடு சொல்லப்போவது. பாபநாசத்தில் குளித்துவிட்டு, கட்டியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டு வந்தால் பாவம் போகும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். தன்னார்வலர்கள் ஆற்றில் இறங்கி அள்ளிக் கரையில் குவிக்கிற துணியைப் பார்த்தால் உங்களுக்கு இது விளங்கும். படித்துறையில் இறங்கி இரண்டு எட்டு வைத்தால் காலில் என்னவோ வழுவழுப்பாகச் சுற்றும். பாம்போ என்று பதறி இழுத்தால், யாரோ விட்டுவிட்டுப் போன சேலை, பாறை இடுக்கில் மாட்டி, பாசி பிடித்து, கயிறு மாதிரி முறுக்கேறிக் கிடக்கும். நீச்சல் தெரிந்தவரே அதில் கால் சிக்கினால் திணறிப்போவார். இந்தத் தாமிரபரணிதான் திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் குடிநீர். பழைய துணியை ஒரு பையில் போட்டு வீட்டுக்கே எடுத்துப் போங்கள். பரிகாரம் செய்துவைக்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பாபநாசத்துக்கு மேலே போகும் சாலை களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் நுழைகிறது. செக்போஸ்ட்டில் வண்டியைச் சோதிப்பார்கள், பிளாஸ்டிக்கை இறக்கச் சொல்வார்கள், சாயங்காலத்துக்குள் கீழே இறங்கிவிட வேண்டும். மலைமேல் இருக்கும் மாஞ்சோலைக்கும் இஷ்டத்துக்குப் போய்விட முடியாது. அனுமதி உண்டா என்று முதலில் விசாரித்துவிட்டு அறை போடுங்கள், அறை போட்டுவிட்டு விசாரிக்காதீர்கள்.

சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டம் பற்றி இரண்டே வரி. ஆடி வாக்கில் பூக்கும். அது பார்க் இல்லை, ஒரு விவசாயியின் வெள்ளாமை. வரப்பில் நின்று படம் எடுங்கள், உள்ளே மிதித்துக்கொண்டு போகாதீர்கள்.

எல்லோரும் செய்கிற இன்னொரு தவறு, திருநெல்வேலியிலிருந்து காரில் ஒரே மூச்சாகக் குற்றாலம் போய்விடுவது. திருநெல்வேலி – செங்கோட்டை பாசஞ்சர் ரயிலில் ஏறிப் பாருங்கள். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கீழக்கடையம், பாவூர்சத்திரம் என்று ஒவ்வொரு ஊராக நிற்கும். வயலுக்கு அந்தப்பக்கம் மலை கூடவே வரும். கடையம் பாரதியின் மனைவி செல்லம்மா பிறந்த ஊர். 1918 கடைசியில் சிறையிலிருந்து விடுதலையானதும் பாரதி வந்து தங்கியது இங்கேதான். கல்லிடைக்குறிச்சியில் 1982இல் திருடுபோன நடராஜர் சிலை ஆஸ்திரேலியாவிலிருந்து 2019இல் திரும்ப வந்தது. செங்கோட்டை முதலில் திருவிதாங்கூர் மண், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மண். திருவிதாங்கூரின் சங்கு முத்திரை பதித்த வளைவு இன்னும் நிற்கிறது. அதே ஊர்தான் வாஞ்சிநாதனுக்கும். இதையெல்லாம் பார்க்கத் தனி டிக்கெட் கிடையாது, பெரிய போர்டும் இருக்காது. அதனாலேயே விட்டுவிடுகிறார்கள்.

வாங்கிப் போகிற சாமானிலும் ஒரு எச்சரிக்கை. பத்தமடைப் பாய் என்று சொல்லி ரோட்டோரம் பிளாஸ்டிக் பாயை நீட்டுவார்கள். ஊருக்குள்ளேயே போய், நெய்கிறவர்களிடம் கேளுங்கள். தாமிரபரணிக் கரைக் கோரையை ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, நார் நாராகக் கிழித்து, பருத்தி நூல் பாவில் கோத்து நெய்வது. நயம் பாயைத் துணி மாதிரி மடித்துக் கைப்பைக்குள் வைக்கலாம். மடித்த இடத்தில் முறியாது. கல்யாணத்துக்குப் பெண், மாப்பிள்ளை பேர் போட்டு வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், நின்ற நிற்பில் கிடைக்காது. விலையைக் கேட்டுவிட்டு "பாய்க்கா இவ்வளவு?" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஒரு நயம் பாய்க்கு எத்தனை நாள் தறியில் உட்கார்ந்தார்கள் என்று கேளுங்கள்.

கல்லிடைக்குறிச்சி அப்பளம் வாங்கினால் கார் டிக்கியில் போடாதீர்கள். மடியில் வைத்துக்கொண்டு போகிறவர் வீட்டில்தான் அது முழுசாக எண்ணெய்க்குப் போகும்.