ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிவந்த ட்யூப்

விசைத்தறி ஊரான சோமனூரில் என்னிடம் இருக்கும் பழைய ட்யூப் கிட்டார் ஆம்ப் 117 வோல்ட்டுக்குச் செய்தது. தறி ஓடாத ஞாயிறுகளில் மட்டும், வாசிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், ஸ்பீக்கரை ஓட்டும் 6வி6 பவர் ட்யூபின் பிளேட் (உள்ளே இருக்கும் உலோகத் தகடு) அதிகச் சூட்டில் சிவந்துவிடும்.

புது 6வி6 போட்டேன், கப்ளிங் கெபாசிட்டரை மாற்றினேன், கேத்தோடு ரெசிஸ்டரை அளந்தேன். பலனில்லை. லைனைப் பார்த்தால் தறி ஓடும் வாரநாளில் 225 வோல்ட், சுமை குறையும் ஞாயிறு 250. ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் அதைப் பாதியாக்கி 125 தருகிறது. ஆனால் அது மட்டுமே பிளேட்டைச் சிவக்க வைக்காது.

அடுத்து, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் ட்யூபைப் பார்த்தேன். அதன் மேல் எழுத்து அழிந்திருந்தது. அங்கே போட வேண்டியது 5ஒய்3 என்று சேசிஸில் (ஆம்பின் உலோகச் சட்டத்தில்) இருந்தது. ஸ்விட்ச் போட்டு மீட்டரைப் பார்த்தேன். 5ஒய்3-இல் சூடாகும் இழையே எலக்ட்ரானை விடும் கேத்தோடு, அதனால் சில நொடிகளில் டிசி வந்துவிடும். இதிலோ முள் வெகுநேரம் அசையாமல் இருந்து, அப்புறம் மெல்ல ஏறியது. யாரோ, கேத்தோடு தனியாக இருந்து மெல்லச் சூடாகும் ஜிஇசட்34 ரெக்டிஃபையரைச் செருகியிருக்கிறார்கள்! அதற்குள் வோல்ட்டேஜ் இழப்பு மிகக் குறைவு. அதனால் 6வி6-இன் பிளேட்டில் 385 வோல்ட்.

5ஒய்3 போட்டதும் 340. ஸ்டெப்டவுனுக்கு முன்னால் வேரியாக் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து, ஆம்புக்கு 117 வரும்படி நிறுத்தினேன். இப்போது ஞாயிறிலும் சிவப்பதில்லை, அப்பாடா.

5யு4 என்ற இன்னொரு ரெக்டிஃபையரும் அதே சாக்கெட்டில் உட்காரும். ஆனால் அதன் இழை 3 ஆம்பியர் இழுக்கும், 5ஒய்3-க்கு 2 போதும். ஆம்பின் பவர் டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்று பாராமல் போடாதீர்கள். ஸ்விட்சை அணைத்த பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் ஃபில்டர் கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யாமல் உள்ளே கை வைக்கவே கூடாது.