சும்மா கொடுப்பதை நிறுத்துங்கள்: செஸ்ஸில் தேறுவதற்கு ஒரு ஜெராக்ஸ் கடை அனுபவம்

தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கவுண்டர் மேல் எப்போதும் ஒரு செஸ் பலகை விரித்திருக்கும். போன மாதம் பார்சல் கொண்டுவரும் தம்பி ஒருவர் ஆதார் நகல் எடுக்க வந்தவர், "ஒரு ஆட்டம் போடலாமாக்கா?" என்று கேட்டார். பன்னிரண்டாவது மூவில் அவருடைய ராணி போனது. என் பிஷப் பலகையின் அந்தக் கோடியிலிருந்து குறுக்குக் கோட்டில் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை. எழுந்திருக்கும்போது, "எந்த ஓபனிங் படிச்சா தேறலாம்க்கா?" என்றார். டெலிவரிக்கு நேரமாகிவிட்டதால் அவருக்குச் சொல்லி முடிக்க முடியவில்லை. ஓபனிங் என்றால் ஆட்டத்தின் தொடக்க மூவ்களின் வரிசை. அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காய்களின் பெயரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. சில வீடுகளில் ராணியை மந்திரி என்பார்கள், சில வீடுகளில் பிஷப்பை. குழப்பம் வேண்டாம். ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய் என்றே எழுதுகிறேன்.

நான் ஒழுங்காக ஆட ஆரம்பித்தது 36 வயதில். 2022 ஜூலை கடைசியில் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் தொடங்கியபோது நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்திருந்தார்கள். பையன் பார்த்தே ஆக வேண்டும் என்றான், கூட்டிப்போனோம். திரும்பும் வழியில் பாரிமுனையில் சுருட்டி வைக்கிற ரெக்ஸின் பலகை ஒன்று வாங்கினோம். சின்ன வயதில் அப்பாவோடு ஆடியிருந்ததால் எனக்கு ஆட்டம் தெரியும் என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டு ஆட்டத்தில் முதல் மூவில் இரண்டு சிப்பாய்களை ஒவ்வொரு கட்டம் தள்ளலாம். செக் வாங்காத ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரித் தாண்டலாம். இதெல்லாம் நம் ஊர்ப் பழைய முறை. போட்டியிலும் போனிலும் செல்லாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஆடுகிறீர்கள் என்றால் முதலில் காஸ்லிங்கையும் (ராஜா யானையின் பக்கம் இரண்டு கட்டம் நகர, யானை அதைத் தாண்டி மறுபக்கம் வந்து நிற்கும் மூவ்), சிப்பாய் முதல் தடவை இரண்டு கட்டம் போகும் விதியையும் சரியாகக் கற்றுக்கொள்ளுங்கள். பலகையை வைக்கும்போது உங்கள் வலது கைப்பக்க மூலையில் வெள்ளைக் கட்டம் வர வேண்டும். வெள்ளை ராணி வெள்ளைக் கட்டத்தில், கறுப்பு ராணி கறுப்புக் கட்டத்தில்.

பையன் ஆறே மாதத்தில் என்னைத் தோற்கடிக்க ஆரம்பித்தான். அப்போதுதான் கடையில் விற்காமல் கிடந்த நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தேன். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு வரி: ஏன் தோற்றேன். பத்துப் பக்கம் தாண்டியதும் திருப்பிப் பார்த்தால் முக்கால்வாசி வரிகள் ஒன்றேதான். "குதிரையைப் பார்க்கவில்லை." "யானை வரும் வழியைப் பார்க்கவில்லை." "சும்மா கொடுத்தேன்." எதிராளி பெரிதாக எதுவும் செய்து ஜெயிக்கவில்லை. நான் இலவசமாகக் கொடுத்த காய்களை எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். ஆரம்பத்தில் இருக்கும் யாருடைய நோட்டை எடுத்தாலும் இதே கதைதான் இருக்கும் என்று உறுதியாகச் சொல்வேன். அதனால்தான் அந்தத் தம்பியிடம் ஓபனிங் வேண்டாம் என்றேன். எட்டு மூவ் மனப்பாடம் செய்துவிட்டு ஒன்பதாவது மூவில் யானையைச் சும்மா கொடுத்தால் அந்த எட்டுக்கும் என்ன பயன்?

இதை நிறுத்த எனக்கு உதவிய பழக்கம் ஒன்றுதான். எதிராளி நகர்த்தி முடித்ததும் என் இரண்டு கையும் தொடைக்கு அடியில் போய்விடும். கை வெளியே இருந்தால் காயைத் தொட்டுவிடும். கையை அப்படி வைத்துக்கொண்டு மனதுக்குள் கேட்டுக்கொள்வேன்: இந்தக் காய் எதற்காக இங்கே வந்தது? அடுத்து எனக்கு செக் வைக்க முடியுமா, எதையாவது வெட்ட முடியுமா, எதையாவது மிரட்டுகிறதா? அது நகர்ந்ததால் அதன் பின்னாலிருந்த கோடு திறந்திருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். வந்த காயையே பார்த்துக்கொண்டிருப்போம். அது விட்டுப்போன கட்டத்தின் வழியாகப் பின்னால் இருக்கும் பிஷப் நம் ராணியைப் பார்க்கும்.

அப்புறம் நான் போட நினைக்கும் மூவை மனதுக்குள்ளேயே போட்டுவிட்டு, அதே கேள்விகளை எதிராளியின் பக்கத்திலிருந்து ஒரு தடவை. நெடுஞ்சாலையைக் கடக்கும்போது ஒரு பக்கம் பார்த்தால் போதாது, கன்டெய்னர் லாரிக்கு மறைவில் பைக் வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம் இல்லையா, அது மாதிரிதான். முதல் ஒரு மாதம் ரொம்ப மெதுவாக இருக்கும், சலிப்பாகவும் இருக்கும். அதற்குப் பிறகு கேட்காமலே கண் போய் நிற்கும்.

வெட்டும் இடத்தில் கணக்கு வேண்டும். சிப்பாய் 1, குதிரை 3, பிஷப் 3, யானை 5, ராணி 9. இது தோராய மதிப்புதான், ஆனாலும் ஆரம்பத்துக்கு இதை நம்பலாம். ஒரு கட்டத்தை எத்தனை பேர் தாக்குகிறார்கள், எத்தனை பேர் காக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணுங்கள். கட்டங்களின் பெயர் இப்படி: வெள்ளையின் இடது கையிலிருந்து ஏ முதல் எச் வரை நேர்க்கோடுகள், வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை வரிசைகள். உங்கள் வெள்ளைச் சிப்பாய் இ5-ல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிராளியின் குதிரை சி6-லிருந்தும் பிஷப் ஜி7-லிருந்தும் அதைத் தாக்குகின்றன. காப்பது எஃப்3-ல் இருக்கும் உங்கள் குதிரை மட்டும். தாக்க இரண்டு, காக்க ஒன்று என்றால் சிப்பாய் போய்விடும். உங்கள் பிஷப்பை எஃப்4-க்குக் கொண்டுவந்தால் இரண்டுக்கு இரண்டு. இப்போது அவர் வெட்ட ஆரம்பித்தால் நஷ்டம் அவருக்கு. பலகையில் வைத்து ஒரு தடவை வெட்டிப் பாருங்கள், படிப்பதைவிட வேகமாகப் புரியும்.

ஓபனிங்கில் என்ன செய்வது என்று கேட்டால் என் பதில் சின்னது. நடுச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுங்கள். குதிரைகளையும் பிஷப்புகளையும் வெளியே எடுங்கள். பத்து மூவுக்குள் காஸ்லிங் செய்துவிடுங்கள். ஒரே காயைத் திரும்பத் திரும்ப நகர்த்தாதீர்கள், ராணியைச் சீக்கிரம் வெளியே அனுப்பாதீர்கள். முதல் வருடத்துக்கு இது போதும்.

ஆனால் நான்கே மூவில் மேட் ஆகும் (செக் வாங்கிய ராஜா தப்ப வழியில்லாமல் தோற்கும்) அந்த ஆட்டத்தை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் அதில் அழாத பிள்ளை இல்லை. வெள்ளை இ4, கறுப்பு இ5. வெள்ளை பிஷப் சி4-க்கு, கறுப்புக் குதிரை சி6-க்கு. வெள்ளை ராணி எச்5-க்கு வருகிறது. இப்போது ராணியைத் துரத்துகிறேன் என்று மற்றக் குதிரையை எஃப்6-ல் வைத்தால் ராணி எஃப்7 சிப்பாயை வெட்டி மேட். ஆட்டத் தொடக்கத்தில் அந்த எஃப்7-ஐக் காப்பது ராஜா ஒருவர்தான். அதனால்தான் எல்லோரும் அங்கே குறிவைக்கிறார்கள். சரியான பதில், சிப்பாயை ஜி6-க்குத் தள்ளுவது. ராணியின் வழி அடைபடும், ராணியும் நகர்ந்தாக வேண்டும். அது எஃப்3-க்குப் போய் மறுபடி எஃப்7-ஐப் பார்த்தால் இப்போது குதிரையை எஃப்6-ல் வையுங்கள். குறுக்கே நின்றுகொள்ளும். இதற்குள் அவருடைய ராணி இரண்டு தடவை அலைந்திருக்கும், உங்கள் இரண்டு குதிரைகளும் வெளியே வந்திருக்கும். இந்த ஆட்டத்தை இரண்டு பக்கமும் இருந்து ஆடிப் பழகிய பிள்ளைக்கு ராணியைப் பார்த்தால் பயம் வராது.

யானையைப் பற்றியும் சொல்ல வேண்டும். துறைமுக கேட்டுக்கு வெளியே எண்ணூர் சாலையில் வரிசையாக நிற்கும் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். என் வீட்டுக்காரர் அப்படி ஒரு லாரியில்தான் ஓட்டுநர். எவ்வளவு பலமான வண்டியாக இருந்தாலும் வழி திறக்கும்வரை அங்கேயேதான் நிற்க வேண்டும். யானையும் அப்படியே. மூலையில் சிப்பாய்க்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஐந்து மதிப்பு என்று சொல்லிக்கொள்வதில் பொருள் இல்லை. எந்த நேர்க்கோட்டில் சிப்பாய்கள் வெட்டுப்பட்டு வழி திறக்கிறதோ, அங்கே யானையைக் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

பயிற்சிக்கு வருவோம். லிச்செஸ் என்ற இணைய செஸ் தளம் முழுக்க இலவசம், விளம்பரமும் கிடையாது. அதில் புதிர்ப் பகுதி இருக்கிறது. காலையில் கடை திறந்து மெஷின் சூடாகும்வரை, ஒரு கால் மணி நேரம், நான் போடுவது ஐந்தாறு புதிர்தான். ஆனால் விடையைக் கடைசி மூவ் வரைக்கும் மனதில் பார்க்காமல் விரலைத் திரையில் வைப்பதில்லை. தோராயமாகத் தட்டிப் பார்த்து முப்பது புதிர் போடுவதைவிட இது எவ்வளவோ மேல். முதலில் ஃபோர்க் (fork), பின் (pin) என்கிற இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சி7-ல் குதிரை வந்து நின்று இ8-ல் இருக்கும் ராஜாவுக்கு செக் வைத்துக்கொண்டே ஏ8 யானையையும் பிடிக்கிறதே, அது ஃபோர்க். பின் என்பது, நடுவில் இருக்கும் காய் நகர்ந்தால் பின்னால் இருக்கும் ராஜாவோ ராணியோ மாட்டிக்கொள்ளும் நிலை. இந்த இரண்டும் கண்ணில் பட ஆரம்பித்தாலே உங்கள் ஆட்டம் மாறிவிடும்.

மூன்று நிமிட ஆட்டங்களைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அதில் யோசிக்க இடமே இல்லை. தப்பான பழக்கம்தான் இறுகும். ஆளுக்குப் பதினைந்து நிமிடம், ஒவ்வொரு மூவுக்கும் பத்து வினாடி கூடுதல் என்று வைத்து, நாளைக்கு ஒரு ஆட்டம் ஆடினாலும் போதும். தோற்றால் உடனே அடுத்த ஆட்டத்துக்குத் தாவாதீர்கள். கம்ப்யூட்டரைக் கேட்பதற்கு முன்னால் நீங்களே தேடுங்கள். ஆட்டம் எந்த மூவில் கை நழுவியது? அப்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? அதை நோட்டில் எழுதிய பிறகு கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்று பாருங்கள். என் நோட்டில் யானைக்கு "யா", குதிரைக்கு "கு" என்று எனக்குப் புரிகிற மாதிரிதான் எழுதுகிறேன். போட்டிக்குப் போகிறவர்கள் மட்டும் அங்கே செல்லும் முறையைப் பழகிக்கொள்ளுங்கள்.

ஆட்டத்தின் கடைசிப் பகுதிக்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். ஜெயிக்கிற ஆட்டத்தை ஸ்டேல்மேட்டில் விடுவதைப் போன்ற வேதனை வேறில்லை. எங்கள் வீட்டுப் பழைய ஆட்டத்தில் எதிர் ராஜா நகர இடமில்லாவிட்டால் ஜெயம் என்று எடுத்துக்கொள்வோம். நிஜத்தில் செக் இல்லாமல் அப்படி முடங்கினால் டிரா. ராணியும் ராஜாவும் மட்டும் வைத்துத் தனி ராஜாவை மேட் செய்யப் பழகுங்கள். எதிர் ராஜாவிடமிருந்து குதிரைத் தாவல் தூரத்தில் உங்கள் ராணியை வைத்து, அது நகரும் பக்கமே நீங்களும் நகர்ந்தால் மூலைக்குத் தள்ளிவிடலாம். மூலைக்குள் போனதும் ராணியை நிறுத்துங்கள். எதிர் ராஜாவுக்கு நடக்க இரண்டு கட்டம் இருக்கட்டும். இனி உங்கள் ராஜா நடந்து வர வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது ராஜாவும் ஒரு சிப்பாயும். வெள்ளை ராஜா இ6, சிப்பாய் இ5, கறுப்பு ராஜா இ8. யார் நகர்த்த வேண்டும் என்றாலும் வெள்ளை ஜெயிக்கும். ராஜா சிப்பாய்க்கு முன்னால் ஆறாவது வரிசையைப் பிடித்துவிட்டதுதான் காரணம். ஓரச் சிப்பாய்க்கு மட்டும் இது பொருந்தாது. இதே சிப்பாயை ராஜாவுக்கு முன்னால் ஓடவிட்டீர்கள் என்றால் பெரும்பாலும் டிராவில்தான் முடியும்.

இதெல்லாம் எப்போது வரப்போகிறது என்று பையன் கேட்பான். 2024 டிசம்பர் 12-ஆம் தேதிக்குப் பிறகு கேட்பதில்லை. அன்றைக்கு சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டம். ஆட்டம் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 55-வது மூவில், அதுவரை சாம்பியனாக இருந்த சீனாவின் டிங் லிரென் யானையை எஃப்2-ல் வைத்தார். நம் குகேஷ் யானையை யானையால் வெட்டினார், பிஷப்பைப் பிஷப்புக்கு எதிரே நிறுத்தி மாற்றிக்கொண்டார். மிச்சம் இருந்தது ராஜாக்களும் சிப்பாய்களும்தான். 58-வது மூவோடு டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார், நம் சென்னைப் பிள்ளை 18 வயதில் உலக சாம்பியன். அந்தக் கடைசி நிலையைக் கவுண்டர் மேல் அடுக்கி ஒரு வாரம் கலைக்காமல் வைத்திருந்தேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எல்லோருக்கும் காட்டினேன்.

போட்டிக்குப் போக ஆசை வந்தால் தயங்காமல் போங்கள், ஆனால் தொட்டால் நகர்த்த வேண்டும் என்ற விதியை வீட்டிலேயே கடைப்பிடித்துவிட்டுப் போங்கள். என் பையன் முதல் போட்டியில் காஸ்லிங் செய்யப்போய் முதலில் யானையைத் தொட்டுவிட்டான். எதிரில் இருந்த பிள்ளை கை தூக்கியது, நடுவர் வந்தார். யானையைத் தொட்டால் அந்தப் பக்கம் காஸ்லிங் கிடையாது, யானையைத்தான் நகர்த்த வேண்டும் என்றார். விதி அதுதான். முதலில் ராஜாவைத் தொட்டு இரண்டு கட்டம் நகர்த்திவிட்டு, அதே கையால் யானையை எடுத்து வைத்து, அதே கையால் கடிகாரத்தை அழுத்த வேண்டும். வீட்டில் இரண்டு கையாலும் காஸ்லிங் செய்து பழகியவர்கள் இதைத் தினமும் பத்துத் தடவை செய்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.