சமையலறைத் தராசைக் கொண்டு கல்லின் அடர்த்தியைக் கண்டறிவது எப்படி?

விளிம்பு வரை நீர் நிரம்பிய பாத்திரத்தில் பொருளை அமிழ்த்தி, வழிந்த நீரை அளப்பதே பள்ளியில் கற்றுத்தரும் முறை. ஆனால் நீர் விளிம்புக்கு மேல் சற்றுப் புடைத்து நின்று, பிறகு திடீரென வழிவதாலும், கடைசிச் சொட்டுகள் வெளிப்புறத்திலேயே ஒட்டிக்கொள்வதாலும் சிறிய பொருள்களுக்கு அது நம்பத்தக்கதன்று. ஆர்க்கிமிடீஸ் மகுடத்தைச் சோதித்தது இவ்வழியில்தான் என்ற கதையை ஐயுற்ற கலிலியோ, 1586-இல், தம் 22-ஆம் வயதில், நீரில் தொங்கவிட்டு எடை காணும் தராசு ஒன்றை விவரித்தார். ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு இருந்தால் அதே வேலையை நாமும் செய்யலாம்.

முதலில் கருங்கல் துண்டு ஒன்றை உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 270 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, அகலமான பாத்திரத்தில் முக்கால் பங்கு நீர் ஊற்றித் தராசின்மேல் வைத்து, காட்டும் எடையைப் பூச்சியமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு 100 என்று காட்டினால், கல் விலக்கிய நீர் 100 கிராம். ஒரு கிராம் நீர் ஒரு கன செ.மீ. இடத்தை அடைப்பதால் கல்லின் கன அளவும் 100 கன செ.மீ. ஆகவே அடர்த்தி 2.7. கருங்கல்லுக்குப் பொருத்தமான விடைதான்.

கல்லின் பாரத்தை நூல் தாங்கும்போது தராசு ஏன் அசைகிறது என்று கேட்கலாம். நீர் கல்லை 100 கிராம் அளவுக்கு மேலே தள்ளுகிறது; கல்லும் அதே அளவுக்கு நீரைக் கீழே தள்ள, அது பாத்திரத்தின் வழியே தராசைச் சேர்கிறது. எஞ்சிய 170 கிராம்தான் உங்கள் விரலில் இருக்கிறது. முழுதும் மூழ்கிய பின் கல்லை இன்னும் ஆழமாக இறக்கினாலும் அளவு மாறாது. அடியைத் தொட்டு நூல் தளர்ந்ததும் 270-க்குத் தாவும்.

கல்லில் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை விரலால் நீவி அகற்றுங்கள். செங்கல் நீரை உறிஞ்சும் என்பதால் இம்முறை அதற்கு அப்படியே பொருந்தாது.

மிதக்கும் மரக்கட்டையை நீரில் விட்டால், தராசு அதன் முழு எடையையே காட்டும். தன் எடைக்குச் சமமான நீரை விலக்கியதும் கட்டை மேற்கொண்டு அமிழ்வதில்லை. ஊசி முனையால் அதை நீர்மட்டத்துக்குக் கீழ் அழுத்திப் பிடித்தால் அதன் கன அளவு கிடைக்கும். 120 கிராம் கட்டையை அழுத்தும்போது 180 என்று வந்தால் அடர்த்தி 0.67, மிதக்கையில் மூன்றில் இரு பங்கு நீருக்குள் இருந்ததையும் கண்ணாலேயே சரிபார்க்கலாம்.

நகையைச் சோதிக்கும் ஆசை பலருக்கு வரும். 22 காரட் தங்கத்தின் அடர்த்தி, கலந்த உலோகத்தைப் பொறுத்து, ஏறத்தாழ 17.6 முதல் 18 வரை. ஒரு சவரன், அதாவது 8 கிராம் நகை, விலக்கும் நீர் அரை கிராம்கூட இராது என்பதால் 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். உள்ளே அரக்கு அடைத்த நகைக்கும் கல் பதித்த நகைக்கும் இக்கணக்கு செல்லாது.

கன அளவு தெரிந்த அதே கல்லைத் தேங்காய் எண்ணெயில் தொங்கவிட்டால், தராசு 100-க்குப் பதில் 92 அளவில் நிற்கும். அதை 100-ஆல் வகுத்தால் எண்ணெயின் அடர்த்தி வந்துவிடும்.